தேவாங்குக்கு வேலிதான் வீடு
வாசகர் கேள்விகள், டீச்சர் பதில்கள்

சென்ற மாதம் ஒருவர், கொறங்காட்டில் (ஆடுமாடு மேய்க்கும் மானாவாரிப் புல்நிலத்தில்) உள்ள கிளுவை முள்செடி வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவேலி போடலாமா என்று கேட்டிருந்தார். பதிலின் நடுவே, "வேலி போனால் தேவாங்கும் போய்விடும்" என்று ஒரு வரி எழுதினேன். முருங்கைப் பூச்சிக்கும் ஆட்டு நோய்க்கும் பதில் தேடி எழுதுபவர்கள்தான் வழக்கமாக அதிகம். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. ஆகவே இந்த இதழ் முழுக்கத் தேவாங்குதான். முருங்கைக்காரர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் 31 ஆண்டுகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். பிறந்ததும் இப்போது இருப்பதும் குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில்.

வேடசந்தூர் அருகிலிருந்து ஒரு விவசாயி: டீச்சர், எங்கள் தோட்டத்து வேலியில் ராத்திரி டார்ச் அடித்தால் ரெண்டு கண் நெருப்புத் துண்டு மாதிரி தெரிகிறது. வால் இல்லை. கை மட்டும் பச்சைப்பிள்ளைக் கை மாதிரி இருக்கிறது. தேவாங்கு கண்ணில் பட்டால் குடும்பத்துக்கு ஆகாது, அடித்து விரட்டு என்கிறார் பெரியப்பா. என்ன செய்யட்டும்?

நீங்கள் பார்த்தது தேவாங்கேதான். ஒரு சாண் நீளம், 200 முதல் 300 கிராம் எடை, குச்சி போலக் கைகால்கள், முகத்தில் பாதி கண். அந்தி மயங்கும்போதும் விடியலுக்கு முன்பும் வேலிக்குள்ளிருந்து நீளமாக ஒரு சீழ்க்கை கேட்டிருப்பீர்கள். ஏதோ பறவை என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் இதன் குரல்தான். ஒன்று கூப்பிட்டால் தூரத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும்.

இனி பெரியப்பாவுக்கு. அவரை எதிர்த்துப் பேச வேண்டாம். பக்கத்தில் உட்காரவைத்து ஒன்று மட்டும் கேளுங்கள்: அவர் சின்ன வயதில் அந்த வேலியில் தேவாங்கு இருந்ததா, இல்லையா? இருந்தது என்றுதான் சொல்வார். அப்போதெல்லாம் அந்தக் குடும்பம் நன்றாக இருந்ததா? எங்கள் அப்பாவின் வேலியில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தேவாங்கு உண்டு. நாங்கள் ஐந்து பேர் பிறந்து, படித்து, ஆளாகி வந்தோம். எங்கள் அப்பாயி மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் சீழ்க்கை கேட்டால், "அவங்களும் எந்திரிச்சுட்டாங்க" என்பார். எனக்கு முதல் விலங்கியல் பாடம் அதுதான்.

அது உங்கள் வேலியில் சும்மா இருக்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் அன்னா நெகாரிஸ் என்ற ஆய்வாளர், நம் அய்யலூர் பக்கத்துப் பீரங்கிக் கரட்டில் மாதக்கணக்கில் இரவெல்லாம் தேவாங்குகளின் பின்னால் நடந்தார். அவை தின்றதில் 96 சதவீதம் பூச்சி, எறும்பு போன்ற உயிர்கள்தான் என்று கணக்கு எழுதி வைத்தார். பழம் இல்லை, தானியம் இல்லை. வண்டு, கரையான், எறும்பு, அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி. கடிக்கிற பூச்சிகளைத் தின்னும்போது தன் சிறுநீரையே கையிலும் முகத்திலும் பூசிக்கொள்வதையும் ஆய்வாளர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஐயா, சம்பளம் வாங்காமல் ராத்திரி வேலைக்கு வரும் ஆளை அடித்து விரட்ட வேண்டாம்.

கரூரிலிருந்து ஒரு தாய்: என் மகன் ஏழாவது படிக்கிறான். ரொம்ப ஒல்லி, கண் கொஞ்சம் பெரிசு. வகுப்பில் எல்லோரும் அவனைத் தேவாங்கு என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து அழுகிறான். நீங்களோ தேவாங்கைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள். என் பிள்ளைக்கு என்ன சொல்ல?

அம்மா, உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். "தேவாங்கு மாதிரி இருக்கான்" என்பது நம் வாயில் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்ட வசவு. பள்ளியில் நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லும் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் தேவாங்கைக் கண்ணால் பார்த்ததில்லை.

முதலில் செய்ய வேண்டியது, வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். பட்டப்பெயர் வைத்து ஒரு பிள்ளையை அழவைப்பதைப் பள்ளி நிறுத்தியாக வேண்டும். அதில் தேவாங்குக்கு வேலை இல்லை.

அப்புறம், அவனோடு உட்கார்ந்து நான் முன்னால் எழுதியதைப் படியுங்கள். நடுராத்திரி, முள்ளுக்குள், இலை கூட அசையாமல் போய்ப் பூச்சியை ஒரே பிடியாகப் பிடிக்கிற ஜீவன் அது. அந்த மெல்லிய கை ஒரு கிளையைப் பற்றினால் பிரித்து எடுப்பது கஷ்டம். நான் பத்தாம் வகுப்பு எடுத்த ஓர் ஆண்டு, இதே பட்டப்பெயர் கொண்ட ஒரு மாணவன் இருந்தான். பூச்சி பிடித்து ஊசி குத்தி வைப்பதில் அவனுக்கு நிகர் கிடையாது. தேவாங்குப் பாடத்தை அவனையே எடுக்கச் சொன்னேன். மூன்று நாள் தயார் செய்துகொண்டு வந்து நாற்பது நிமிடம் பேசினான். அதற்குப் பிறகும் சிலர் அந்தப் பெயரில்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அவன் அழவில்லை. உங்கள் மகனுக்கும் அப்படியே நடக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது அம்மா. விருப்பமிருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், பதில் போடுகிறேன்.

திருச்சி வாசகர்: தேவாங்கு குரங்கா, அணிலா? டிவியில் காட்டும் ஸ்லோ லோரிஸும் இதுவும் ஒன்றா?

அணில் இல்லை. குரங்கும் நாமும் இருக்கும் அதே பெரிய வரிசையில், வெகு காலம் முன்பே தனியாகப் பிரிந்த கிளை. ஸ்லோ லோரிஸ் வேறு. நம் நாட்டில் அது வடகிழக்கு மாநிலங்களில்தான் உண்டு. உடல் பருமன், கடியில் விஷமும் உண்டு. நம்முடையது மெலிந்தது. இதிலும் இந்தியாவில் இரண்டு வகை: நம் வறண்ட காடுகளிலும் கர்நாடகப் பக்கமும் உள்ள மைசூர்த் தேவாங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் உள்ள மலபார்த் தேவாங்கு. கன்னடத்தில் இதைக் காடுபாப்பா என்பார்கள். காட்டுக் குழந்தை! எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடிக்கும்.

மணப்பாறையிலிருந்து கல்லூரி மாணவி: தேவாங்கு குறைந்து வருவதற்கு முக்கியமான காரணம் என்ன? வேட்டையா, காடழிப்பா, வாகனங்களா? செமினாருக்கு வேண்டும்.

எல்லாமும்தான். ஆனால் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடாதே கண்ணு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் மீதி தானாக வரும்.

தேவாங்குக்குத் தாவத் தெரியாது.

குரங்கு ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் பாயும். அணில் பாயும். தேவாங்கு ஒரு கிளையைப் பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டே, அடுத்த கிளையை எட்டிப் பிடித்து, அது தாங்குமா என்று பார்த்துத்தான் இந்தக் கிளையை விடும். எட்டும் தூரத்தில் கிளை இல்லை என்றால் அதற்கு வழி இல்லை. தரையில் இறங்க வேண்டும். தரையில் நாய் இருக்கிறது, பூனை இருக்கிறது, ரோடு இருக்கிறது.

இப்போது உன் மூன்று காரணங்களையும் திருப்பிப் பார். காடு ஒரேயடியாக அழிய வேண்டாம். நடுவில் இருபது அடிக்கு வண்டித்தடம் அகலமானால் போதும், இந்தப் பக்கத்துத் தேவாங்கும் அந்தப் பக்கத்துத் தேவாங்கும் இரண்டு நாடாகிவிடும். திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குப் போகும் நாலுவழிச் சாலை அய்யலூர்க் காட்டோரம் போகிறதே, இரவில் அதைத் தரையில் நடந்து கடக்கும் ஒரு சாண் பிராணியை நினைத்துப் பார். ஓட்டுநருக்குத் தெரியக்கூடத் தெரியாது. கிளைக்குப் பதிலாக மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு போகப் பார்த்துக் கருகிச் செத்தவையும் உண்டு. வேட்டைக்காரன் கைக்கு எளிதாகச் சிக்குவதும் இதனால்தான். துண்டு துண்டாக நிற்கும் ஒற்றைப் புதரில் இருக்கும் தேவாங்குக்கு ஓடி ஒளிய அடுத்த புதர் கிடையாது.

இன்னொன்று, இழந்ததை ஈடுகட்ட அதற்கு நேரம் பிடிக்கும். வயிற்றில் குட்டி ஐந்தரை மாதம் இருக்கும். பிறப்பது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எலி மாதிரிப் பெருகாது. ஓர் ஊர் வேலியில் நாலைந்தை இழந்தால் அந்த வேலி நீண்ட காலத்துக்குக் காலிதான்.

செமினாரில் இதை ஒரு படமாக வரைந்து காட்டு: ஒரு வேலி, நடுவில் ஒரு இடைவெளி, அப்பால் ஒரு மரம். அது போதும்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி: கணவர் என்னைவிட்டு விலகிப் போகிறார். தேவாங்குக் கண்ணில் செய்த மை இருக்கிறது, தடவினால் திரும்பி வருவார் என்று ஒருவர் 8,000 ரூபாய் கேட்கிறார். தப்பா டீச்சர்?

தப்புதான் அம்மா. ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. துக்கத்தில் இருப்பவர்களைத் தேடி வருபவர்கள்தான் இவர்கள். அந்தக் கண் இவ்வளவு பெரிதாக இருப்பது இருட்டில் பூச்சி தேட. வேறு சக்தி எதுவும் அதில் இல்லை. அந்த மைக்காக ஒரு ஜீவனுக்கு உயிரோடு என்ன செய்வார்கள் என்பதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தேவாங்கு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் இடம் அது. பிடித்தாலோ விற்றாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வாங்குபவரும் வழக்கிலிருந்து தப்ப முடியாது. அந்த ஆளைப் பற்றி வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று. இந்தப் பேச்சு வந்தாலே, பிடித்து விற்கும் ஏழைச் சமூகம் ஒன்றின் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறோம். அவர்கள் கையில் கிடைப்பது நூறோ இருநூறோ. 8,000 கேட்பவரும் அதைக் கொடுப்பவரும் நம்மோடு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வருபவர்கள்.

கடவூரிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் மலையைச் சரணாலயம் என்று அறிவித்துவிட்டார்கள். இனி ஆடு ஓட்டிப் போனால் கேள்வி, விறகு பொறுக்கினால் கேள்வி. கால் கிலோ பிராணிக்கு இத்தனை ஆயிரம் ஏக்கர். நாங்கள் எங்கே போவது? நீங்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு எழுதலாம்.

உங்கள் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நானும் ஆடு மேய்த்த வீட்டுப் பெண்தான். பென்ஷன் வாங்குவதும் உண்மை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபரில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர்த் தேவாங்கு சரணாலயம் என்று அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் இது. அறிவித்தது காப்புக்காடுகளை. அவை முன்பே வனத்துறையிடம் இருந்தவை. உங்கள் பட்டா நிலத்தை யாரும் எடுக்கவில்லை. எல்லை எது, எந்தத் தடத்தில் ஆடு போகலாம் என்பதை ரேஞ்சரிடம் கேட்டு, வரைபடத்தோடு கிராம சபையில் எல்லோருக்கும் விளக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. அதைச் செய்யாமல் பலகை மட்டும் நட்டுவைத்தால் நானும் உங்களோடு சேர்ந்து கேட்பேன்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. ஏன் கடவூர்? ஏன் ஊட்டி இல்லை, முதுமலை இல்லை? உங்கள் ஊரைச் சுற்றிக் கிண்ணத்து விளிம்பு மாதிரி நிற்கும் அந்த மலையில் உசிலும் வெள்வேலும் காரையும் கள்ளியும் பின்னிக் கிடக்கின்றன. வெளியூர்க்காரர்கள் கண்ணுக்கு அது ஒன்றுக்கும் உதவாத முள்ளுக்காடு. பச்சைப்பசேல் என்று இல்லை, அருவி இல்லை, யானை இல்லை. இந்தப் பக்கத்துக் காட்டை யாரும் காடு என்றே மதித்ததில்லை. கல் உடைக்கவும் குப்பை கொட்டவும் பிளாட் போடவும் முதலில் கைவைப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான். காப்புக்காடாக மட்டும் இருந்த அந்த முள்ளுக்காட்டுக்கு இப்போது சரணாலயம் என்ற கூடுதல் காவலும் வந்திருக்கிறது. கிண்ணத்துக்குள் வாழும் உங்கள் கிணற்றுத் தண்ணீருக்கும் அந்த மலைதான் காவல். கால் கிலோ பிராணியின் பெயரில் வந்தாலும் அது உங்கள் மலைக்குத்தான் வந்திருக்கிறது.

ஆனால் ஐயா, சரணாலயம் மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. எல்லைக் கல்லைத் தேவாங்கு படித்துப் பார்ப்பதில்லை. கல்லுக்கு இந்தப் பக்கம், உங்கள் தோட்டத்திலும் என் காட்டிலும், பனையிலும் புளியிலும் வேலியிலும்கூட அது இருக்கிறது. அதைச் சரணாலயம் காக்க முடியாது. நாம்தான் செய்ய வேண்டும்.

அரவக்குறிச்சி வாசகர்: கம்பிவேலி வேண்டாம் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். கிளுவை வளர்ந்து வேலியாக எத்தனை வருஷம் ஆகும்? உங்கள் நிலத்தில் என்ன வேலி?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நேராகவே சொல்கிறேன்.

எங்கள் கொறங்காடு நாலரை ஏக்கர். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல், சுற்றிலும் முள்கிளுவை. தாத்தா போத்து (நடுவதற்கு வெட்டிய கிளைத் துண்டு) வைத்து வளர்த்தது. ஆள் உயரம், நாலடி அகலம். அதன்மேல் பிரண்டை, கோவை, முசுமுசுக்கை, சங்குப்பூ. உள்ளே கை விட முடியாது. பகலில் அதற்குள்தான் தேவாங்குகள் மூன்று நாலு ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு பந்து போலத் தூங்கும். எங்கள் வேலி பக்கத்துக் காட்டு வேலியைத் தொடும், அது அடுத்ததை, அப்படியே ஓடைக்கரை வரை. ஓடையில் மரங்கள், மரங்களை ஒட்டிக் கரடு. ஊரைச் சுற்றி அவற்றுக்கு அப்படி ஒரு பாதை இருந்தது.

2004இல் அப்பா காலமானபின் பாகம் பிரிந்தது. எல்லையில் தகராறு. வேலி நாலடி இடத்தை அடைக்கிறது, அளந்து கம்பி போட்டால் சண்டை வராது என்றார்கள். நான் சரி என்றேன். விலங்கியல் படித்தவள், தேவாங்குப் பாடம் எடுத்தவள், நான்தான் சரி என்றேன். பொக்லைன் ஒரே நாளில் மொத்த வேலியையும் பிடுங்கிப் போட்டது. குவித்து எரித்தார்கள். அப்போது கோடை விடுமுறை, நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே எத்தனை தூங்கிக்கொண்டிருந்தன என்று எனக்குத் தெரியாது. அந்த வருஷத்தோடு சீழ்க்கை நின்றது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஒரு "சரி" என் தொண்டையில் இருக்கிறது. சென்ற மாதம் அந்த வரியை எழுதியது அதனால்தான்.

ஓய்வு பெற்றபின் மறுபடி நட்டேன். கம்பியை எடுக்கவில்லை. அதை ஒட்டி உள்பக்கம் கிளுவைப் போத்து வைத்தேன். ஆகவே உங்களுக்கும் சொல்கிறேன், ஏற்கனவே கம்பி போட்டிருந்தால் அது இருக்கட்டும். வேலி வளரும்வரை ஆட்டை அது மறிக்கும். கட்டைவிரல் தடிமனில் மூன்றடி நீளப் போத்து வெட்டி, நிழலில் சில நாள் போட்டு, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முழ இடைவெளியில் நடுங்கள். நான் வைத்ததில் மூன்றில் ஒன்று பட்டுப்போனது. அடுத்த வருஷம் அந்த இடங்களில் மறுபடி வைத்தேன். மூன்றாம் வருஷம் ஆடு நுழையவில்லை. ஆறாம் வருஷம் கிளைகள் பின்னிக்கொண்டன. கொடிகள் தானாக வந்தன, பறவை கொண்டுவந்து போட்டது. செலவு கூலி மட்டும்தான், போத்து பக்கத்துக் காட்டில் கேட்டால் கொடுப்பார்கள்.

வாசலுக்கு விடும் இடைவெளியை மறக்காதீர்கள். டிராக்டர் போக பன்னிரண்டு அடி விட்டால் அந்த இடத்தில் பாதை அறுந்துபோகும். நான் இரண்டு கம்பத்துக்கு மேலாகப் பழைய சொட்டுநீர்க் குழாயை இழுத்துக் கட்டி, கோவைக்கொடி ஏற்றிவிட்டிருக்கிறேன். இது என் சொந்த யோசனை இல்லை. முன்னால் சொன்ன அன்னா நெகாரிஸ் அய்யலூருக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஜாவாவுக்குப் போனார். அங்கே தோட்டங்களுக்கு இடையே மரத்துக்கு மரம் பாசனக் குழாயையும் ரப்பர்க் குழாயையும் பாலமாகக் கட்டினார்கள். குழாய் விவசாயிக்குத் தண்ணீர் கொண்டுபோனது, அதன்மேல் அந்த ஊர் லோரிஸ் நடந்து போனது.

நத்தம் வாசகர்: சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குகிறோமே, அது நல்லதுதானே?

நல்லதுதான், அவசரப்படாவிட்டால். நம் மரம் போன இடத்தில் எல்லாம் அது வந்து உட்கார்ந்துவிட்டது. வேறு வழியில்லாத தேவாங்கு இன்று அதிலும் இருக்கிறது. ஒரே நாளில் முழு இடத்தையும் மொட்டையடித்தால் 2004இல் நான் செய்த அதே காரியம்தான். ஒரு பகுதியில் மட்டும் எடுங்கள், அங்கே உசில், வெள்வேல், வேம்பு வையுங்கள், அது தழைத்தபின் அடுத்த பகுதி. கிளை அறுபடக் கூடாது.

இலங்கை ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் மலையில் தேவாங்கு அழிந்து, பிறகு திரும்ப வந்ததாகச் சொல்கிறார்கள். உண்மையா?

அழிந்ததாக எண்ணியிருந்தார்கள். உங்கள் ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கு தனி வகை. மலைக்குளிருக்கு ஏற்ற அடர்ந்த ரோமம், கட்டையான கைகால். பல்லாண்டுகள் கண்ணில் படாமலே இருந்து, 2009இல்தான் முதன்முதலாகப் படம் எடுத்தார்கள். மறுஆண்டு அந்தச் செய்தி உலகெங்கும் போனது. தேயிலைக்காக மலைக்காட்டைத் துண்டு துண்டாக வெட்டியதில் மிஞ்சிய சிறு துண்டுகளில் அது ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உங்கள் பக்கத்தில் வேலைக்குப் போய்வரும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பழைய காலத்தில் எங்கே பார்த்தார்கள் என்று அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

மதுரையிலிருந்து ஒரு யூடியூப் நண்பர்: தேவாங்கை வீடியோ எடுக்க எந்த இடம் நல்லது? எத்தனை மணிக்கு வரும்?

இடம் சொல்ல மாட்டேன் தம்பி. வெள்ளை லைட்டை அந்தக் கண்ணில் அடித்தால் அது உறைந்துபோய் நிற்கும். அதைப் பார்த்து "போஸ் கொடுக்கிறது" என்று வீடியோவில் சொல்வார்கள். ஆய்வுக்குப் போகிறவர்கள் டார்ச்சுக்கு மேல் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு, எட்டி நின்று பார்ப்பார்கள். அப்புறம், வீடியோவில் இடத்தைக் காட்டினால் அடுத்து அங்கே வருபவர் பார்க்க மட்டும் வருவார் என்று சொல்ல முடியுமா?

வடமதுரை அருகிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி: டீச்சர், எங்கள் புளியமரத்தடி முள்ளுப் புதரில் ஒரு தேவாங்குக் குட்டி தனியாக இருந்தது. அம்மா இல்லை. பாவம் என்று எடுத்துவந்து அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பசும்பால் கொடுக்கலாமா?

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, ஆசிரியர் குழுவுக்கு வாட்ஸ்ஆப்பில் வந்தது. நல்லவேளை, அன்றைக்கே எனக்குத் தெரிவித்தார்கள். போனில் அந்தப் பெண்ணிடம் பேசினேன். எல்லோருக்கும் உபயோகப்படும் என்பதால் பேசியதை இங்கே எழுதுகிறேன்.

பால் வேண்டாம். பசும்பால் அதன் வயிற்றுக்குச் சேராது. அந்தக் குட்டி அநாதையும் இல்லை. பிறந்து முதல் சில வாரங்கள் தாய் வயிற்றோடு சுமந்து திரிவாள். அப்புறம் இரை தேடப் போகும்போது ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு இரு என்று விட்டுப் போவாள். இரவு முழுக்கக் குட்டி அங்கேயே இருக்கும். சில நேரம் ஆண் தேவாங்கோ வளர்ந்த அக்காள் அண்ணனோ வந்து பக்கத்தில் இருந்துவிட்டுப் போவதும் உண்டு. விடியும் முன் தாய் வந்து எடுத்துக்கொள்வாள். நம் கண்ணுக்குத்தான் அது தனி.

வனத்துறை அலுவலகத்துக்கு அப்பாவை விட்டுப் பேசச் சொன்னேன். இருட்டும் நேரத்தில் ஒரு வனக்காப்பாளர் வந்தார். எடுத்த அதே புதரில், அதே உயரக் கிளையில், அது தானாகப் பற்றிக்கொள்ளும்வரை துணியோடு பிடித்திருந்து விட்டார்கள். வீட்டு நாயைக் கட்டினார்கள். பூனையை அறைக்குள் அடைத்தார்கள். வாசல் விளக்கை அணைத்தார்கள். அந்தப் பெண் ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் செய்து, "இன்னும் வரல டீச்சர்" என்றாள். பன்னிரண்டு மணிக்கு மறுபடி செய்தாள். நீ தூங்கு, நீ அங்கே நிற்கும்வரை தாய் வரமாட்டாள் என்றேன்.

காலையில் ஐந்தே முக்காலுக்குப் போன். புதர் காலியாக இருக்கிறதாம். கீழே மண்ணில் பூனைத் தடம் ஏதும் இல்லையாம், அவளே டார்ச் அடித்துச் சுற்றிப் பார்த்தாளாம். புளியமரத்துக் கிளை அந்தப் புதரைத் தொட்டபடி இருக்கிறதா என்று கேட்டேன். தொடுகிறது என்றாள்.